முப்பத்தேழு இடத்தில் கலை

அரசு அலுவலக வாசலிலிருந்து சாலையைக் கடந்தால் டைப்பக்காவின் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வந்தவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். அதிலும் ஒரு நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஆனால் வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்தால் உள்ளே ஒரு அச்சகமே ஓடுகிறதோ என்று தோன்றும். 'பிழையற்ற தட்டச்சு' என்று சிவப்பில் ஒரு முழ உயரத்துக்கு எழுத்து. கீழே நீலத்தில், 'தப்பு கண்டுபிடித்தால் காசு வாபஸ்'. எழுதியவர் அவளுடைய வீட்டுக்காரர். அந்தத் தெருவில் பாதிக் கடைகளின் பெயர் அவர் கையால் எழுதியதுதான்.

பத்தொன்பது வருஷமாக யாரும் காசை வாபஸ் கேட்டதில்லை. இதைச் சொல்லும்போது டைப்பக்காவின் கழுத்து தானாகக் கொஞ்சம் நீளும். நீளட்டுமே, உழைத்துச் சேர்த்த கர்வம்தானே! மனு, வாடகை ஒப்பந்தம், வேலைக்கான விண்ணப்பம், விவாகரத்துக் கடிதம் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் எதிர்ச் சாலைக்குப் போகும். வாரத்துக்கு ஒருமுறை அலுவலகத்துப் பிரிண்டரே படுத்துக்கொள்ளும். அப்போது அரசாங்கமும் கையில் தாளோடு சாலையைக் கடந்து இவளிடம்தான் வரும்.

அவள் வேலை செய்யும் முறை எளிது. வருகிறவர் கையால் எழுதிக் கொண்டுவந்ததைக் கண்ணெதிரே மாட்டிக்கொள்வாள். அடிப்பாள். அடித்து முடித்ததும் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பாள். வந்தவர் தன் தாளில் விரல் வைத்தபடி கேட்டுக்கொண்டு வர வேண்டும். காதுக்கு எங்கேயும் இடறவில்லை என்றால் அச்சுக்குப் போகலாம்.

இதில் ஒரு சின்ன விஷயம். அவள் வாய்க்கு ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்து. வெளியில் பெய்வது மலை, கடையில் தொங்குவது வாலைப்பலம். ஆனால் வாய்தான் அப்படி, விரலுக்கு மூன்றும் வேறு வேறு. எழுதியதைப் பார்த்து அடிக்கிறவரை விரல் ஏமாந்ததில்லை.

இவளுக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் புல்லு. மற்ற பிள்ளைகள் சிப்பியும் தபால்தலையும் சேர்த்த வயதில் இவள் களை சேர்த்தாள். சாக்கடை ஓரம், சுவர் வெடிப்பு, மாடி மூலை என்று யாருக்கும் வேண்டாத செடி எங்கே முளைத்தாலும் பிடுங்கிக்கொண்டு வந்து, அப்பாவின் காலியான பெயிண்ட் டப்பாவில் நட்டு வைப்பாள். நாற்பத்துமூன்று டப்பா ஆகிவிட்டது. அடுத்த வீட்டு மாடியில் ரோஜாவும் மல்லிகையும் பூக்கும்போது இவர்கள் வீட்டு மாடியில் கோரையும் நாயுருவியும் கொழித்தன.

அது விளையாட்டாக இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவின் வெங்காய நிலத்தைக் கோரை மூடியது. ஆள் வைத்துப் பிடுங்கினார். பிடுங்கப் பிடுங்க இரண்டு மடங்காக வந்தது. பாதி நிலத்தை அப்படியே விட்டுவிட்டு மனிதர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் புல்லு சொன்னாள், "நான் இதத்தான் படிக்கப்போறேன்."

அப்படி ஒரு படிப்பு உண்டு. களை அறிவியல். வேறு ஊரில் வேளாண்மைக் கல்லூரி, நான்கு வருஷம், விடுதி. சொந்தச் செலவில் அனுப்ப இவர்களால் முடியாது. வேளாண்மை சார்ந்த படிப்புகளுக்கு அரசு உதவித்தொகை தருகிறது, அது கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் கணக்குப்பதிவியல். புல்லுவுக்குக் கணக்குப்பதிவியல் என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி வரும்.

"கவலைய விடு. அடிக்கறது யாரு?" என்றாள் டைப்பக்கா.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் மதியம்தான் அடிக்க உட்கார்ந்தார்கள். படிவத்தோடு இரண்டு பக்கக் கட்டுரை வேறு கேட்டிருந்தார்கள். 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' புல்லு ஒரு வரிகூட எழுதிக் கொண்டுவரவில்லை. எல்லாம் மண்டையில் இருக்கிறதாம். குட்டைக்கால் நாற்காலிக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவே நடந்துகொண்டே சொன்னாள், அம்மா அடித்தாள். முடித்ததும் வழக்கம்போல் சத்தமாக வாசித்தாள். புல்லு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சூப்பர்மா. ஒரு எடத்துலகூட இடிக்கல."

"இடிக்குமா பின்ன?"

கையெழுத்துப் போட்டு, சாலையைக் கடந்து, ஜன்னல் மூடப் பத்து நிமிஷம் இருக்கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. டைப்பக்கா கடையில் நின்றபடியே பிரித்தாள். கலைப் பாடங்களுக்கு இந்த உதவித்தொகை இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, மறுபரிசீலனை வேண்டுவோர் ஏழு நாளுக்குள் நேரில் வரலாம். இதுவாவது பரவாயில்லை. கடைசியில் ஒரு வரி: 'மேலும், தங்கள் கட்டுரையில் வெளிப்படும் கடுமையான கருத்துகள் தேர்வுக் குழுவினருக்கு வருத்தமளித்தன.'

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"படிச்சே பாக்காம தள்ளியிருக்காங்க! கலையாம்ல கலை! என் பொண்ணு என்ன டான்ஸ் ஆடப் போறேன்னா கேட்டா?"

எதை அடித்தாலும் ஒரு நகல் எடுத்து வைப்பது அவள் பழக்கம். அதை உருவி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்தாள். எல்லாம் சரி. இன்னொரு தடவை வாசித்தாள். அப்போதும் சரி. நகலைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நான்கு கடை தள்ளி அவள் வீட்டுக்காரர் ஏணியில் நின்று மருந்துக்கடைப் பலகைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இத படிங்க. எங்க தப்பு இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, ஏணியில் நின்றபடியே வாய்க்குள் படித்தார். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து டைப்பக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது நல்லதாயிற்று. மனிதர் சிரித்த சிரிப்பில் விழுந்திருப்பார்.

"கேளும்மா. 'சிறு வயதிலிருந்தே கலையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. உடனே பிடுங்கிவிடுவேன்.'"

"ஆமா, அதுக்கென்ன?"

"'நாற்பத்துமூன்று வகைக் கலைகளைப் பெயிண்ட் டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கிறேன். கலை நமக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் பரவுகிறது. அதை வேரோடு ஒழிக்காமல் இந்த நாட்டில் விவசாயம் உருப்படாது.'"

"சரியாத்தானே இருக்கு!"

அவர் இறங்கி வந்தார். மஞ்சள் தோய்ந்த விரலால் சுவரில் ஒரு ல எழுதினார். பக்கத்தில் ஒரு ள எழுதினார். வாழ்நாளெல்லாம் முழ உயரத்துக்கு எழுத்து எழுதுகிற மனிதருக்குக் காது என்ன சொன்னால் என்ன, கண் ஏமாறாது.

டைப்பக்கா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். கலை. கலை. கலை அறிவியல். ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தேழு.

பத்தொன்பது வருஷத்தில் கலைக் கல்லூரி, கலை விழா, கலைப் பிரிவு என்று எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பாள்! களை என்று ஒருவரும் அடிக்கச் சொன்னதில்லை. கண்ணெதிரே தாளும் இல்லை. காதில் விழுந்ததை விரல் பழகிய வழியில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

"அப்பா தொழில் ஓவியர்னு வேற போட்டிருக்கு. அப்பன் மேல இந்தப் பொண்ணுக்கு எவ்ளோ கோவம்னு நெனச்சிருப்பாங்க!" என்று அவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஊர் உலகத்துக்கெல்லாம் சுத்தமாக அடித்துக் கொடுத்துவிட்டு, பெற்ற மகளுக்குப் போய்க் கோட்டை விட்டிருக்கிறாள். யாரைத் திட்டுவது? திட்ட ஆள் கிடைக்காத கோபம் மாதிரி கொடுமை வேறு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "புல்லு, தப்பு அவங்களோடது இல்ல. என்னோடது."

புல்லு கடிதத்தையும் நகலையும் பார்த்தாள். மாடிக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்துக் கையெல்லாம் மண்ணோடு இறங்கி வந்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு கேட்டவ நானு. கையெழுத்தும் நான்தான் போட்டேன். நாளைக்கு போலாம்மா. எனக்கு அந்தப் பாடம் தெரியும். அது போதும், நான் பேசிக்கறேன்."

டைப்பக்கா தலையாட்டினாள்.

"அய்யோ, உன் மூஞ்சில களையே இல்ல. எந்தக் களைன்னு கேட்டுடாத" என்றாள் புல்லு.

அடுத்த நாள் காலை ஜன்னல் திறந்ததும் இருவரும் உள்ளே இருந்தார்கள். உதவித்தொகைப் பிரிவின் அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பார்க்கிற பெண்மணி. டைப்பக்காவைத் தெரியாதவர் அல்ல. பிரிண்டர் படுக்கும்போதெல்லாம் ஆள் அனுப்புகிறவரே அவர்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு யாரையும் தெரியாது.

விஷயத்தைக் கேட்டு முடித்துக் கோப்பைப் புரட்டினார்.

"தேதி முடிஞ்சிடுச்சு. இப்ப வந்து கலை இல்ல, களைன்னு சொல்றீங்க. நாளைக்கு இன்னொருத்தர் சட்டம் இல்ல, சாணம்னு சொல்லிக்கிட்டு வருவாரு. பாடத்த மாத்தறீங்களா, எழுத்த மாத்தறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். டைப்பக்கா வாயைத் திறப்பதற்குள் புல்லு பேசினாள்.

"மேடம், அந்த ஜன்னல்ல இருக்கற தொட்டி உங்களோடதா?"

"ஆமா. ரோஜா. எதுக்கு?"

"ரோஜா எங்க மேடம்?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். தொட்டி நிறையப் பச்சைப் பசேலென்று புல் நின்றது. நடுவில் ஒரு குச்சி. அதில் இலை நான்கு.

"மேல வர்ற புல்ல நான் தெனமும் பிடுங்கறேன். இருந்தும் வருது" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

"பிடுங்கறதாலதான் வருது. இது கோரை. மேல இழுத்தா கீழ கிழங்கு அறுந்து நின்னுடும். ஒண்ணு இருந்த எடத்துல ரெண்டு மொளைக்கும். ஒரு ஸ்பூன் குடுங்க."

டீ கலக்குகிற ஸ்பூன் வந்தது. புல்லு தொட்டி ஓரமாக மண்ணைத் தோண்டி, விரலை ஆழமாக விட்டு, அவசரப்படாமல் ஒரு வேரை இழுத்தாள். நூலில் கோத்த பாசிமணி போலக் கறுப்புக் கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதினொன்று. மேஜைமேல் கிடந்த பழைய சுற்றறிக்கையில் அவற்றை வரிசையாக வைத்தாள்.

"எங்க சித்தப்பா நெலத்துலயும் இப்படித்தான் மேடம், ஆள் வெச்சு பிடுங்கினாரு. பாதி நெலம் போச்சு. யாராவது ஒருத்தர் முன்னாடியே இத சொல்லியிருந்தா போயிருக்காது. அந்த ஒருத்தரா நான் இருக்கணும்னுதான் இந்தப் படிப்ப கேக்கறேன். ஒழிக்கணும்னு எழுதினது இதத்தான். பாட்டு, டான்ஸ் மேல எனக்கு ஒரு பகையும் இல்ல."

டைப்பக்கா மகளை வாயில் ஈ போனது தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மாடியில் டப்பா டப்பாவாகக் கிடந்தது இத்தனை பெரிய விஷயம் என்று அவளுக்கே இன்றைக்குத்தான் உறைத்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கட்டுரையை எடுத்து மறுபடி படித்தார். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தார். இருந்தாலும் 'பெயிண்ட் டப்பா' வந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி, நான் நம்பறேன். ஆனா கோப்பு நம்பணுமே. எழுத்துப் பிழைன்னா திருத்த விதி இருக்கு. அடிச்சவங்க தன்னோட தப்புன்னு எழுதி, கையெழுத்து போட்டு, கடை முத்திரையும் வெச்சுக் குடுக்கணும். அத ஏழு நாள் வாசல் பலகைல ஒட்டுவோம். யாருக்கும் ஆட்சேபம் இல்லன்னா நேர்காணலுக்குக் கூப்பிடுவோம்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார், "அடிச்சது யாரு?"

அவருக்குத் தெரியாதா என்ன! விதி கேட்கச் சொல்கிறது, கேட்கிறார்.

வாசல் பலகை. மனு கொடுக்க வருகிறவர்கள் ஒருவர் விடாமல் முட்டி மோதிக்கொண்டு படிக்கிற பலகை. அதன் முன்னால் நின்று திரும்பினால் எதிரே தெரிவது 'பிழையற்ற தட்டச்சு'. டைப்பக்கா ஒரு தடவை எச்சில் விழுங்கினாள். ஒரே ஒரு தடவைதான்.

"நான்தான். பேப்பர் குடுங்க."

கையாலேயே எழுதினாள். 'மேற்படி விண்ணப்பத்தில் களை என்று வர வேண்டிய முப்பத்தேழு இடங்களிலும் கலை என்று தவறாகத் தட்டச்சு செய்தது நான். விண்ணப்பதாரர் மீது தவறு இல்லை.' பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். அதிலும் கடையின் பெயர் அதேதான். தன் தப்பை ஒப்புக்கொண்ட தாளின் அடியில், ஊதா மையில், 'பிழையற்ற தட்டச்சு' என்று அழுத்தமாகக் குத்தினாள்.

அதிகாரி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கோப்பில் கோத்தார்.

அந்த ஏழு நாளும் தெருவுக்குக் கொண்டாட்டம்தான். "என்னக்கா, கலைய ஒழிச்சாச்சா?" என்று கேட்காதவர் பாக்கியில்லை. "ஆமா, என் தப்புதான். உக்காரு, உனக்கு என்ன அடிக்கணும்?" என்பாள். மூன்றாம் நாளிலிருந்து கேட்பவர்களுக்கே சலித்துப்போயிற்று. ஒருவரும் வேறு கடை தேடிப் போகவில்லை. ஆனால் அவள் ஒன்றை மாற்றிக்கொண்டாள். சத்தமாக வாசித்த பிறகு, வாயை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கண்ணால் பார்த்தாள். வீட்டுக்காரரிடம் பலகையை இறக்கச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். காசு வாபஸ் என்று கீழே எழுதியிருக்கிறதே, தப்பு வரவே வராது என்றால் அந்த வரி எதற்கு என்று கேட்டார். பலகை அங்கேயே தொங்கியது.

ஆட்சேபம் எதுவும் வரவில்லை. நேர்காணல் நடந்தது. புல்லு ஒரு பெயிண்ட் டப்பாவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். போன பொழுது காலை, வெளியே வந்த பொழுது மதியம். என்ன கேட்டார்கள் என்றால், "அவங்க வீட்டுத் தோட்டத்துக்கெல்லாம் வைத்தியம் கேட்டாங்கம்மா" என்றாள்.

அதன் பிறகு ஒரு மாதம் ஒரு தகவலும் இல்லை.

ஒருநாள் காலை பியூன் சாலையைக் கடந்து வந்தார். அலுவலகத்துப் பிரிண்டர் வழக்கம்போல் படுத்துவிட்டது.

"அக்கா, அவசரம். நாளைக்குக் காலைல ஒட்டணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க."

கையால் எழுதிய பட்டியல். வரிசை எண், விண்ணப்ப எண், பாடம். தலைப்பை டைப்பக்கா இரண்டு தடவை படித்தாள். உதவித்தொகைக்குத் தேர்வு பெற்றோர். கீழே ஓடத் துடித்த கண்ணைப் பிடித்து நிறுத்தினாள். ஒவ்வொன்றாக அடித்தாள். ஒன்று, மண்ணியல். இரண்டு, பயிர் நோயியல். மூன்று, கால்நடை மருத்துவம். நான்கு, பாசனப் பொறியியல். கண்ணைக் கட்டுப்படுத்துவதிலேயே மனம் இருக்க, விரல் பழகிய வழியில் போய்க்கொண்டிருந்தது. பதினான்காவது வரியை அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

கலை அறிவியல்.

தாளைப் பார்த்தாள். களை அறிவியல். பக்கத்தில் புல்லுவின் விண்ணப்ப எண். அதிகாரியின் கையெழுத்து. ள-வுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

"என்னக்கா நின்னுட்டீங்க? தப்பா?" என்றார் பியூன்.

"ஆமா. தப்பு. இரு, திருத்தறேன்."

அழித்தாள். கண் மறைத்தது, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒற்றை விரலால், கீபோர்டைக் குனிந்து பார்த்து, ள எங்கே இருக்கிறது என்று நேற்றுத்தான் வேலை கற்க வந்தவள் மாதிரி தேடிப் பிடித்து அழுத்தினாள். வாசித்தாள். வாயை மூடிக்கொண்டு மூன்று தடவை பார்த்தாள். அச்செடுத்துக் கொடுத்தாள்.

பியூன் சாலையைக் கடந்ததும் கடையை இழுத்து மூடினாள். பகல் பதினொரு மணிக்கு டைப்பக்கா கடை மூடி யாரும் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

மாடியில் புல்லு டப்பாக்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டைப்பக்கா மூச்சு வாங்க நின்றாள். சொல்லக் கூடாது. மேடத்தின் உத்தரவு.

"ஏண்டி, நம்ம வீட்டுல அந்தப் பெரிய பெட்டி எங்க இருக்கு?"

"பரண்ல. எதுக்கும்மா?"

"சும்மா. தூசி தட்டி வெக்கலாம்னு."

புல்லு தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். அம்மாவை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, மூஞ்சில என்ன திடீர்னு இவ்ளோ களை?"

"நாளைக்குக் காலைல வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் டைப்பக்கா.